முனீஸ்வரன் சேவல்

"இருசப்பன்தான் திருடன்! அவன் கத்தியில கறையப் பாருங்க மாப்ள!" என்று ராணியம்மாள் வேங்கிக்கால் கிராமமே அதிரும்படி கத்தினாள்.

முனீஸ்வரனுக்கு நேர்ந்துவிட்ட சேவலை நேற்று மதியத்திலிருந்து காணோம். திருவண்ணாமலை தீபத்துக்குக் கொடியேறியதிலிருந்து தெருவில் யார் வீட்டிலும் கவுச்சி கிடையாது. அப்படியிருக்க, பக்கத்து வீட்டுக் கத்தியில் மட்டும் கறை எப்படி? இருசப்பனை ஸ்டேஷனில் ஒப்படைப்பதென்று தெருவே முடிவு கட்டிவிட்டது.

"ஐயோ, வாழப்பூ நறுக்குனேங்க!" என்று அவன் அழாத குறை.

ராணியம்மாளின் மருமகன் வேணுவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. மெட்ராஸ் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. நேற்று ராத்திரி காளான் குழம்பு ஊற்றும்போதுகூட மாமியார், "ஊசி போடத் தெரியாத டாக்டரு" என்று சிரித்தாள். அந்தக் கேலிக்குப் பதில் சொல்ல இதைவிட நல்ல சமயம் வராது. வேலூர் ஆஸ்பத்திரியில் கொடுக்க மருந்து வைத்திருந்த ஐஸ் பிளாஸ்க்கைத் திறந்தான்.

"இது ஆன்டிபாடி. கோழி ரத்தத்தை மட்டும் பிடிக்கும். பிடிச்சா நீலமாகும்."

கறையைக் காகிதத்தில் ஒற்றி மருந்து விட்டான். நீலம்!

"மாட்னான்!" என்றாள் ராணியம்மாள்.

"இருங்க அத்தை, ஆன்டிபாடி பொய்யும் சொல்லும், சில சமயம் வேற கறைக்கும் நீலமாகும்" என்று இன்னொரு குப்பியை எடுத்தான் வேணு. "இது கோழி ரத்தத்துல ஒரு துணுக்கு மாதிரி நாங்களே செஞ்ச பெப்டைடு. இதை ஊட்டி ஆன்டிபாடியோட வாயை அடைச்சுட்டா, அப்புறம் அதால நிஜக் கோழியப் பிடிக்க முடியாது. நீலம் வராம வெள்ளையாவே இருந்தா கோழிதான். அப்பவும் நீலம் வந்தா வேற கறை."

கறையை வேறு காகிதத்தில் ஒற்றி, வாயடைத்த மருந்தை விட்டான். அப்போதும் நீலம்.

"வாழப்பூவேதான்!" என்றான் வேணு.

இருசப்பன் கும்பிட்டான். ராணியம்மாள் முகம் தொங்கிப்போயிற்று. கவுச்சியே படாத ஒன்றையும் சோதித்துக் காட்டினால் அவளும் நம்புவாள் என்று, வேணு அவளுடைய அரிவாள்மணையையே எடுத்து வந்தான்.

"அது துரு புடிச்சது, வுடுங்க மாப்ள!" என்று அவள் பிடுங்கப் பார்ப்பதற்குள் இரண்டு காகிதத்தில் ஒற்றி, இரண்டு மருந்தையும் விட்டுவிட்டான்.

வெறும் மருந்துக்கு நீலம். வாயடைத்த மருந்துக்கு வெள்ளை.

வேணு திகைத்து நிமிர்ந்தான். ராணியம்மாள் அவன் காதருகே குனிந்தாள்.

"கத்தாதீங்க மாப்ள, கவுச்சி இல்லாம உங்களுக்குச் சோறு எறங்காதேன்னுதான்... நேத்து மூணு வாட்டி கேட்டு வாங்கிச் சாப்ட்டீங்களே, அது காளான் இல்ல."