பெற்றோர் கவனத்திற்கு

"என்ன சார், பிள்ளையக் காணோம்? கைய உதறிட்டு ஓடிடுச்சா?"

வரிசையில் முன்னால் நின்றவர் திரும்பிக் கேட்டார். அவருடைய இரண்டு கால்களையும் ஆளுக்கொன்றாகக் கட்டிக்கொண்டு இரட்டைப் பெண் குழந்தைகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள்.

"உள்ள... உள்ள போயாச்சு" என்றார் லிஃப்ட் மெக்கானிக்.

"குடுத்து வெச்சவர் சார்! என்னுது ரெண்டும் உடும்புப் பிடி. சிஸ்டர் வந்து பிச்சு எடுத்தாத்தான் உண்டு."

மெக்கானிக் சிரித்து வைத்தார். கன்னியர் நடத்தும் பள்ளி, நிற்பது மாதா சிலைக்குப் பக்கத்தில், சொன்னது பச்சைப் பொய். உள்ளே அவர் பிள்ளை யாரும் போகவில்லை. ஐம்பத்திரண்டு வயதாகியும் அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை.

மூன்று வருடம் முன்பு புது சிம் வாங்கினார். யாரோ ஒரு பெற்றோர் விட்டுவிட்டுப் போன எண் போலிருக்கிறது. மறுநாளே இந்தப் பள்ளியிலிருந்து செய்தி வந்தது. 'பெற்றோர் கவனத்திற்கு. நாளை மழை வரலாம். பிள்ளைகளிடம் குடை கொடுத்து அனுப்பவும்.'

தப்பான நம்பர் என்று சொல்லத்தான் போனை எடுத்தார். அவர் போன் அடித்தால் ஒரே அர்த்தம்தான்: எவரோ இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டு அவரைத் திட்டுகிறார்கள். மழை வரும், குடை எடுத்துப் போ என்று அவரிடம் யார் சொன்னார்கள்? 'சரிங்க மிஸ். நன்றி' என்று தட்டினார். மறுநாள் குடையோடு வேலைக்குப் போனார்.

அன்றிலிருந்து ஒன்று விடாமல் பதில் போட்டார். 'நேரத்தோடு தூங்க வையுங்கள்' என்றால் ஒன்பதுக்கே விளக்கை அணைப்பார். 'நாளை பேன் பரிசோதனை' என்று வந்தபோது வழுக்கைத் தலையைக் கண்ணாடியில் ஒருதரம் பார்த்துக்கொண்டார். இந்த விடுமுறையில்கூட வந்தது: 'வெயில் அதிகம். பிள்ளைகள் நிறையத் தண்ணீர் குடிக்கட்டும்.' குடித்தார்.

போன வாரம் வந்ததைத்தான் நாலைந்து தடவை படித்தார். 'பள்ளி திறக்கும் நாளில் நேரில் வந்து எண்ணை உறுதி செய்யவும். வராதவர்களுக்குச் செய்தி நிறுத்தப்படும்.'

நின்றுவிட்டால்? ஏதாவது வாய்க்கு வந்த வகுப்பைச் சொல்லிச் சமாளித்துவிடலாம் என்றுதான் வந்தார். வரிசை நகர நகர வேறொன்று உறுத்தியது. இந்த எண்ணுக்கு உரிய பிள்ளை எத்தனை நாள் நனைந்ததோ! மூன்று வருடமாக ஊரான் வீட்டுக் குடையைப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறோமே.

மேசையில் ஆபீஸ் அம்மா. கொண்டையில் ஒரு பென்சில், காதோரம் நரை.

"வாங்க வாங்க! ரெண்டாப்பு பி, மாடியில இடது பக்கம். அடியே, முன்பல்லு ரெண்டும் எங்கடி? லீவுல வித்துத் தின்னுட்டியா?" இரட்டையர் அழுகையை மறந்து சிரித்தார்கள். சீட்டை வாங்கிக்கொண்டு அவர்கள் அப்பாவோடு நகர்ந்தார்கள்.

"வணக்கம் சார். எந்த வகுப்பு?"

மெக்கானிக் போனை மேசையில் வைத்தார்.

"மிஸ்... இந்த நம்பர உறுதி பண்ணச் சொல்லி வந்துச்சு. ஆனா எனக்குப் பிள்ளையே கிடையாது. யார் வீட்டுக்கோ போக வேண்டியது மூணு வருஷமா எனக்கு வருது. அன்னிக்கே சொல்லியிருக்கணும், சொல்லல. தப்புதான். நம்பர அடிச்சிருங்க மிஸ்."

ஆபீஸ் அம்மா எண்ணைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். திட்டப்போகிறார் என்று மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டார். அவரோ கீழ் இழுப்பறையிலிருந்து ஒரு பழைய பதிவேட்டை எடுத்து, தேடவே தேடாமல் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினார். மெக்கானிக்கின் எண்ணின் மேல் சிவப்புக் கோடு.

"அடிச்சாச்சு சார். ரெண்டு வருஷம் ஆச்சு. அந்தப் பாப்பாவோட அம்மா வந்து புது நம்பர் குடுத்துட்டாங்க."

"அப்ப அதுக்கப்புறம் எனக்கு வந்ததெல்லாம்?"

"முந்நூத்திப் பத்து வீட்டுக்கு அனுப்புறேன். பதில் போடுறது நீங்க ஒருத்தர்தான். எப்படிங்க நிறுத்துறது?"

மாதா கோயில் மணி அடித்தது. பெற்றோர்கள் பிள்ளைகளோடு தொடக்கத் திருப்பலிக்கு நகர, முற்றம் காலியானது. அப்போதுதான் மெக்கானிக்குக்கு உறைத்தது. வரிசையில் நின்ற ஒருவரிடமும் யாரும் நம்பர் கேட்கவில்லை.

"அப்போ, நேர்ல வந்து உறுதி பண்ணலேன்னா நிறுத்திடுவோம்னு போன வாரம் அனுப்பினீங்களே?"

ஆபீஸ் அம்மா பதிவேட்டை மூடினார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அது உங்க ஒருத்தருக்கு மட்டும்தான் அனுப்பினேன்."