மூன்றாவது கொட்டாங்கச்சி

பலாக்கொட்டையைத் தணலில் புதைத்து வைக்கச் சொல்லிவிட்டுப் போனார் என் வீட்டுக்காரர்.

வெந்ததும் உரித்து வைத்தேன்.

ஒரே ஒரு வெடிச் சத்தம். வேலிப் பலாவின் பக்கம்.

சுட்டது அவருடைய அண்ணன். அவர் உடம்பைத் துணி சுற்றியே கொண்டுவந்தார்கள். காயத்தை நான் பார்க்கவில்லை. அண்ணன் அவர் கால்மாட்டில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார்.

“முயலுன்னு நெனச்சிட்டேன் தாயி. பொழுது சரியா விடியல.”

காவல் நிலையத்திலும் அதையே சொன்னார். ‘தவறுதலாக’ என்று எழுதியிருந்தார்கள். படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன்.

அந்தப் பலா யாருக்கு என்ற ஏழு வருடச் சண்டை அன்றோடு முடிந்தது.

எங்கள் வீட்டில் ஈயம் உருக்குவது என் வேலை. அண்ணன் தம்பி இருவரின் நாட்டுத் துப்பாக்கிக்கும் குழல் ஒரே அளவு. குண்டு வார்க்கும் அச்சும் இருவருக்கும் ஒன்றே; அதில் மூன்று அளவுக் குழி. வார்த்ததை மூன்று கொட்டாங்கச்சிகளில் பிரித்து வைப்பேன்.

மிளகளவு ரவை முயலுக்கு.

புளியங்கொட்டை அளவு பன்றிக்கு.

மூன்றாவதில் கோலி அளவு குண்டு. குழலில் ஒன்றுதான் போகும். காட்டெருமைக்கு மட்டும்.

காரியம் முடிந்த மறுநாள் வேலிக்குப் போனேன். பலாவின் அடிமரத்தில், என் நெஞ்சு உயரத்தில், பால் வடிந்து காய்ந்திருந்தது.

ஒரே ஓட்டை.

அரிவாள் முனையால் தோண்டினேன். நசுங்கிய ஈயம் ஒரே கட்டியாக உள்ளங்கையில் விழுந்தது.

கனத்தது.

ஜாமீனில் வந்த அண்ணன் தினமும் கருக்கலிலேயே பலாவடிக்கு வந்துவிடுவார். காய்களைத் தட்டிப் பார்ப்பார். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார்.

“இந்த வருசம் காய்ப்பு சாஸ்தி. வேணும்னா நீயும் ஒன்னு எடுத்துக்க தாயி.”

சரிங்க மாமா என்றேன்.

அன்று மாலை அந்த ஈயத்தை உருக்கினேன். அச்சின் பெரிய குழி நிறையவில்லை. என் வீட்டுக்காரர் சட்டைப்பையில் ஒரு முயல் ரவை கிடந்தது. அதையும் சேர்த்தேன்.

நிறைந்தது. ஆறியதும் மூன்றாவது கொட்டாங்கச்சியில் போட்டேன்.

மறுநாள் அவருடைய துப்பாக்கியைப் பரணிலிருந்து இறக்கினேன். மருந்து கெட்டித்தேன். கொட்டாங்கச்சிகள் மூன்றும் எதிரில் இருந்தன.

பலாவடியில் இருமல் கேட்டது.

பொழுது சரியாக விடியவில்லை.

முதல் கொட்டாங்கச்சியை நான் தொடவில்லை.

எங்கள் மலையில் இன்றும் முயலுக்கு மிளகளவு ரவைதான் போடுகிறார்கள்.