ஒண்ணு அறுபதா, ஒண்ணு இருபதா?

“மஞ்சத் துண்டு, ஒண்ணு அறுபதேய்!”

சப்ளையர் அய்யம்பெருமாள் போட்ட கூப்பாட்டில், மஞ்சள் துண்டுக்காரர் சாப்பிட்ட பில் எவ்வளவு என்று பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்கே தெரிந்துவிட்டது. கல்லாவில் உட்கார்ந்திருந்த முதலாளி உத்திராபதிக்கு மட்டும்தான் தெரியவில்லை.

“ஒண்ணு இருபதா? குடுங்க” என்று வாங்கிப் பெட்டியில் போட்டார்.

அடுப்படியில் தோசை திருப்பிக்கொண்டிருந்த மலர்க்கொடிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கட்டின புருஷன்தான், அதற்காக? நாற்பது வயசுக்கே காது இப்படியா மந்தமாகும்! காலையிலிருந்து இது மூணாவது. முதலில் மூட்டை தூக்குகிறவர், அப்புறம் கீரைக்கார அம்மா, இப்போது இந்த மஞ்சள் துண்டு.

இன்றைக்கு இதற்கு ஒரு முடிவு கட்டாமல் விடுவதில்லை என்றுதான், திருச்சியிலிருந்து பில் மெஷின் விற்கிற பழனிவேலை வரவழைத்திருந்தாள்.

“எண்பத்தி ரெண்டாம் வருசம்மா இது. இன்னும் கூப்பாடு போட்டா பில்லு?” என்றார் பழனிவேல். “மூணு வழி இருக்கு. மொத வழி டோக்கன். காசு குடுத்து டோக்கன் வாங்கினாத்தான் எலை.”

கல்லாவிலிருந்து சத்தம் வந்தது. “இதென்ன சினிமா கொட்டாயா? பசிச்சு வர்ற ஆளுகிட்ட மொதல்ல காச நீட்டுங்கறதா?”

“வேண்டாத பேச்சு மட்டும் இவருக்கு நல்லா காதுல விழும்” என்று முணுமுணுத்தாள் மலர்க்கொடி. “ரெண்டாவது சொல்லுங்க சார்.”

“பில் புக்கு. சப்ளையரே எழுதிக் குடுத்துடலாம்.”

“நான் கைநாட்டுங்க சார்” என்றான் அய்யம்பெருமாள், ஏதோ பட்டம் வாங்கினவன் மாதிரி. “நமக்கு எழுத்தெல்லாம் வாயிலதான்.”

“அப்ப மெஷின்தாம்மா. தோசைக்கு ஒரு பட்டன், டீக்கு ஒரு பட்டன். மேல படமே ஒட்டித் தரேன். தட்டினா டிங்குனு மணி அடிச்சு சீட்டு வரும். கல்லாவுல ஒக்கார்றவருக்குக் காதே வேணாம்.”

கடைசி வார்த்தை மலர்க்கொடிக்குச் சுருக்கென்றது. ஆனாலும் என்ன செய்ய? செவிட்டு முதலாளி கடை என்று ஊரே சிரிக்கிறது.

“மெஷினே இருக்கட்டும் சார். வளையல் ரெண்டையும் அடகு வெச்சு அட்வான்ஸ் குடுத்துடறேன். கல்லாவுலயும் இனிமே நானே ஒக்காந்துக்கறேன்.”

உத்திராபதி எழுந்தே வந்துவிட்டார். “மலரு, மெஷின் வாங்கு, மாவரைக்க ஆளு வையி, என்ன வேணா பண்ணு. கல்லாவ மட்டும் எங்கிட்ட விட்டுடு.”

“எதுக்கு? இன்னும் நாலு பேரு ஏமாத்திட்டுப் போறதுக்கா? போங்க, போயி தோசையத் திருப்புங்க. ஒரு மணி நேரம் நான் ஒக்கார்றேன். சார் பாக்கட்டும், நல்ல காது இருந்தா கல்லா எப்படி இருக்கும்னு.”

மனுஷன் முகம் தொங்கிப் போய் அடுப்படிக்குள் நுழைந்தார்.

மலர்க்கொடி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஜம்மென்று உட்கார்ந்தாள். “கண்ணாடி, ரெண்டு இருபது!” வந்தது, வாங்கினாள். “சைக்கிள்காரரு, எண்பது காசு!” வந்தது, வாங்கினாள். ஒரு பைசா பிசகவில்லை. பழனிவேலைப் பார்த்துப் பெருமையாக ஒரு சிரிப்பு வேறு.

“பச்சச் சேல, ஒண்ணு அறுபதேய்!”

ஒரு கையில் ஆஸ்பத்திரி சீட்டும் இடுப்பில் பிள்ளையுமாக ஒரு பெண் வந்தாள். மறு கையில் ஒரு ரூபாய் நோட்டும் இருபது காசும் எண்ணித் தயாராக இருந்தது. ரெண்டு தோசை, ஒரு டீ. பொங்கலிலிருந்துதான் தோசை அறுபது காசு, அதுவரைக்கும் நாற்பது. அந்த நினைப்பில்தான் சாப்பிட்டிருக்கிறாள்.

கூப்பாடு காதில் விழுந்ததும் நீட்டின கை அப்படியே நின்றது. இலையிலிருந்து நாலு பேர் தலை தூக்கிப் பார்த்தார்கள். அவளுக்கு முகமெல்லாம் கறுத்துவிட்டது. முந்தானை முடிச்சை அவிழ்க்கப் போனாள். அதில் இருந்தது அரியலூர் பஸ்ஸுக்கு வைத்திருந்த காசு.

‘பரவால்ல, இருக்கறதக் குடு’ என்று சொல்ல மலர்க்கொடி வாயெடுத்தாள். சொன்னால் கடையே திரும்பிப் பார்க்குமே!

அப்போதுதான் அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. மூட்டைக்காரருக்கு இருபது, கீரைக்கார அம்மாவுக்கு இருபது, மஞ்சள் துண்டுக்கு இருபது. அதே காலையில் வெள்ளைச் சட்டை காண்ட்ராக்டருக்கு நாலு எண்பது என்று கூப்பாடு வந்தபோது, அது மட்டும் இந்த மனுஷன் காதில் எவ்வளவு சுத்தமாக விழுந்தது! அட பாவி மனுஷா, இத்தனை வருஷமாக அடுப்படியிலிருந்து சத்தத்தை மட்டும்தானே கேட்டேன். வந்தவங்க கையை நான் எங்கே பார்த்தேன்?

மலர்க்கொடி கையை நீட்டினாள்.

“ஒண்ணு இருபதுதானே தாயி? குடு. பஸ் வந்துடப் போவுது.”

அந்தப் பெண் காசைக் கொடுத்துவிட்டுத் தலை நிமிர்ந்து படியிறங்கினாள்.

பழனிவேல் துள்ளி எழுந்தார். “என்னம்மா நீங்க! அவரு அறுபதுன்னுல்ல கத்துனாரு? இதுக்குத்தாம்மா மெஷின் வேணுங்கறது!”

மலர்க்கொடி காதருகே கையைக் குவித்துக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

“என்ன சார் சொல்றீங்க? கொஞ்சம் சத்தமா சொல்லுங்க. எங்க வூட்ல ரெண்டு பேருக்குமே காது மந்தம்.”