இன்சுலேஷன் இல்லாத வயர்

"வயர் இழுக்கறதுக்கு முன்னாடி எந்த வயர்னு ஒரு வார்த்தை கேக்கமாட்டீங்களா டாக்டரம்மா?"

எலக்ட்ரீஷியன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி, நடுநெஞ்சைத் துணியோடு சேர்த்துத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

இதய வால்வைச் சரிசெய்து ஆறு மாதம். வால்வு சமர்த்தாக வேலை பார்த்தது. தையல் போட்ட கோடு நெடுகத்தான் அரிப்பும் தடிப்பும். முதலில் வேர்க்குரு என்றார்கள். பிறகு சோப்பை மாற்றச் சொன்னார்கள். போன மாதம் இதே ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர், "எல்லாம் மனசுதாம்மா" என்று தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். முதுகில் பட்டை ஒட்டிப் பார்த்த ஒவ்வாமைப் பரிசோதனையின் முடிவு இன்றுதான் வந்திருந்தது.

"நெஞ்செலும்பை வெட்டித்தான் இதயத்துக்குப் போறோம். அப்புறம் அதைச் சேர்த்துக் கட்டறது ஸ்டீல் கம்பியால," என்றார் டாக்டர். "அதுல நிக்கல் இருக்கு. பல பேருக்கு ஒண்ணும் ஆகாது. இவங்க உடம்போ, எதிரி நுழைஞ்சிட்டான்னு ஆறு மாசமா சண்டை போடுது. எலும்பு கூடிடுச்சு, கம்பியை எடுத்துடலாம். அதுக்கு மறுபடி திறக்கணும்."

"மறுபடியுமா?" எலக்ட்ரீஷியனின் குரல் எகிறியது. "ஒரு பாத்ரூம் லைட்டுக்கு வயர் இழுக்கறதுன்னாலே ஈரம் படுமா, எலி கடிக்குமான்னு நாலு கேள்வி கேப்பேன். நீங்க ஒரு மனுஷி நெஞ்சுக்குள்ள இன்சுலேஷன் இல்லாம ஏழு கம்பியை முறுக்கி விட்டிருக்கீங்க. அரிக்குதுன்னு வந்தா மனசுங்கறீங்க. ஸ்விட்ச் ஷாக் அடிக்குதுன்னு சொல்ற வீட்டுக்காரம்மாகிட்ட, அது உங்க மனசும்மான்னு நான் சொன்னா தொடப்பத்தை எடுக்கமாட்டாங்க?"

"ஏங்க, விடுங்க," என்றார் மனைவி.

"மனசுன்னு சொன்னது எங்க தப்புதான். மன்னிச்சிடுங்க," என்றார் டாக்டர். "ஆனா கேக்காம கம்பி போடலை."

ஆபரேஷனுக்கு முன் நிரப்பிய படிவத்தைத் திருப்பிக் காட்டினார். 'கவரிங் நகை, வாட்ச், பெல்ட் கொக்கி பட்டால் அரிப்பு வருமா?' நேரே, 'இல்லை.' கீழே மனைவியின் கையெழுத்து. அதற்கும் கீழே சாட்சியாகக் கணவரின் கையெழுத்து.

"அதுலயும் நிக்கல்தான் இருக்கும். ஆமான்னு இருந்தா வேற கம்பி போட்டிருப்பேன்."

"கவரிங்கா? என் பொண்டாட்டி காதுல கவரிங் ஏறினதே கிடையாது. தங்கக் கம்மல் போட்டுப் பழகின காது. உங்க கேள்வியே தப்பு."

"அப்படியா?" டாக்டர் முகம் சுருங்கியது. "இதுக்கு முன்னாடி எந்த உலோகத்துக்கும் அரிச்சதில்லைன்னா யோசிக்கணும். பரிசோதனை சில சமயம் தப்பாவும் காட்டும். வீணா ஏன் திறக்கணும்? இன்னும் ரெண்டு மாசம் களிம்பு தடவிப் பாப்போம்."

மனைவி தலையாட்டிக்கொண்டே மறுபடி நெஞ்சைத் தேய்த்தார். சொறிந்து புண்ணாகிவிடக் கூடாதென்று விரல் நகங்களைச் சதையோடு ஒட்ட வெட்டியிருந்தார். எலக்ட்ரீஷியன் அந்த விரல்களையே பார்த்தார். மெயினை அணைத்தது போலச் சத்தம் அடங்கியது.

"தள்ளிப் போடாதீங்க டாக்டரம்மா," என்றார், மனைவி பக்கம் திரும்பாமல். "நான் வாங்கித் தந்த அந்தக் கம்மல் தங்கமில்லை. கல்யாணமான புதுசு, கையில வேலை இல்லை. பெட்டி மட்டும்தான் நகைக்கடைப் பெட்டி. போட்ட அன்னிக்கே இவளுக்குக் காது வீங்கிடுச்சு. தங்கம் பழகற வரைக்கும் அப்படித்தான் இருக்கும்னு சொன்னதும் நான்தான்."

மனைவி நெஞ்சிலிருந்து கையை எடுத்தார்.

"அவரைத் திட்டிடாதீங்க டாக்டரம்மா. அது கவரிங்னு இருபத்திரண்டு வருஷமா எனக்குத் தெரியும். ஆமான்னு எழுதினா, சாட்சிக் கையெழுத்துப் போட வர்றவர் படிச்சிடுவாரேன்னுதான் இல்லைன்னு எழுதினேன்."