ரெண்டு லைற்றும் ஒண்டா

அனு, நித்திரை வரேல்ல, அதான் எழுதுறன். யூட்சன் அண்ணான்ர பைக்குக்கு முன்னால ரெண்டு லைற் இருக்கெல்லோ, எப்பவும் இடதுபக்கம் மட்டும்தான் எரியும். அவர் விடிய இருட்டோட பிக்கரிங்குக்கு வேலைக்குப் போறவர், கார்க்காரருக்கு வடிவாத் தெரியோணும் எண்டு இண்டைக்கு நான் ஒரு வயர் இழுத்து ரெண்டையும் ஒண்டா எரிய வச்சிட்டன். நானே தனியச் செய்தது, அனு. அண்டர்கிரவுண்ட் பார்க்கிங் சுவர் முழுக்க வெளிச்சம். நான் குதிச்ச குதியைப் பாத்திட்டு, "எஞ்சினியர் அம்மா, காலில விழட்டோ?" எண்டு அண்ணா நக்கலடிச்சவர்.

பைக்குக்கும் சுவருக்கும் நடுவில போய் நிண்டு டான்ஸ் ஆடினன். ரெண்டு லைற்றெல்லோ, சுவரில ரெண்டு நடாஷா ஆடிச்சு. பிறகு அண்ணா வந்து நிண்டார். அவருக்கு ஒரு நிழல்தான் விழுந்தது.

நான் இடது லைற்றை ஜக்கெற்றால மூடிப் பாத்தன். இப்ப வலது லைற் மட்டும்தான். அண்ணா அதுக்கு முன்னால நிண்டு கையாட்டுறார், சுவரில ஒண்டுமில்லை.

"உன்ர வயரிங் பிழையடி" எண்டு சிரிச்சார். பிழையில்லை அனு, மூண்டு தரம் பாத்திட்டன்.

விடிய அவரைப் பைக்கில போக விட எனக்குப் பயம். பைக்கை ஸ்டார்ட் பண்ணுற திறப்பை எடுத்துத் தலாணிக்குக் கீழ ஒளிச்சு வச்சிருக்கிறன்.

இப்ப என்ர அறைக் கதவைத் தட்டுறார். "நடாஷா, திறப்பு எங்கயடி?" எண்டு கேக்கிறார். கதவோட ஒட்டி நிண்டுதான் கேக்கிறார், மூச்சுக்கூடக் கேக்குது. வெளியில ஹோல் லைற் எரியுது. கதவுக்குக் கீழால அந்த வெளிச்சம் இந்த மூலையிலயிருந்து அந்த மூலை வரைக்கும் எங்கயும் முறியாமல் வருது.