துண்டு விழாத பனியன்

நாச்சிமுத்துவின் பனியன் கம்பெனியில் கொஞ்ச காலமாகத் துண்டு விழுந்துகொண்டிருந்தது. வரவு செலவிலும் விழுந்தது, வெட்டுமேசைக்கு அடியிலும் விழுந்தது. இரண்டும் ஒன்றுதான் என்று முடிவுகட்டி, கட்டிங் மாஸ்டர் ஆறுச்சாமியைக் கூப்பிட்டார்.

"இனிமே ஒரு துண்டு கீழ விழக்கூடாது. எப்படி வெட்டுவியோ, எனக்குத் தெரியாது."

ஆறுச்சாமி தலையை ஆட்டினான். மறு வாரமே மேசைக்கு அடியில் கூட்டிப் பெருக்க ஒன்றுமில்லை. வேஸ்ட் துணி எடுக்க வந்த வியாபாரி வெறும் சாக்கோடு திரும்பிப் போனான்.

சந்தோஷப்பட வேண்டிய நாச்சிமுத்துவுக்கு அன்றோடு தூக்கம் போயிற்று. துணியை வெட்டினால் துண்டு விழாமல் இருக்குமா? எவனோ திருடி விற்கிறான். ஆட்கள் சோறு கொண்டுவரும் தூக்குப்போசியைத் திறந்து பார்த்தார். கக்கூஸ் கூரைமேல் கையை விட்டுத் துழாவினார். துணி எங்கும் போகவில்லை. அப்படியென்றால் ஆறுச்சாமி பனியனைத்தான் ஒடுக்கித் தைக்க வைத்திருக்கிறான் என்று, லாரிக்குக் கட்டிவைத்திருந்த மூட்டையிலிருந்து ஒன்றை உருவி அவசரமாகத் தலைவழியே மாட்டினார்.

அளவில் குறையில்லை. கைகள் இரண்டும் சுளுவாக வெளியே வந்தன. தலை மட்டும் வரவில்லை. விரலால் தடவிப் பார்த்தார். இந்தத் தோளிலிருந்து அந்தத் தோள்வரை ஒரே தையலாக ஓடியிருந்தது.

"கழுத்து வெட்டுனா துண்டு விழுமுங்களே, மொதலாளி" என்றது பக்கத்திலிருந்து ஆறுச்சாமியின் பணிவான குரல்.

அவன் சிரிக்கிறானா என்று துணிக்குள் இருந்த நாச்சிமுத்துவுக்குத் தெரியவில்லை.