காராமணி தின்னி

"டேய், காராமணி தின்னி! வெளிய வாடா! எங்க வீட்டு அடிமைப் பயலுக்குக் கதவைச் சாத்திக்கிட்டு உக்கார்ற அளவுக்குத் திமிரா?"

கிளப் அலுவலகத்தின் தகரக் கதவு அதிர்ந்தது. உதைத்தவர் கோச் பூராமா த்ராவோரே. உள்ளே இருந்தவர் கிளப் தலைவர் தியமோகோ டியாரா. இருவரும் அறுபதைத் தாண்டியவர்கள். வாசலில் டீ ஆற்றிக்கொண்டிருந்த வாட்ச்மேன் சாமா தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

கேய்ஸ் ஊரே அன்று கொதித்துக் கிடந்தது. எங்கள் ரயில் கால்பந்து கிளப்பைத் தங்கச் சுரங்க முதலாளி ஒருவர் வாங்கப் போகிறார் என்று மீன் சந்தையில் பேச்சு. வாங்கினால் கிளப்பின் பெயர் போகும், பச்சைச் சட்டை போகும், பையன்களைத் தலைநகர் பமாகோவுக்கு அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். ஆட்டக்காரர்கள் எல்லாரும் பூராமாவைத்தான் பிடித்துக்கொண்டார்கள்.

"நீங்க போய்க் கேளுங்க கோச். உங்ககிட்ட மட்டும் தலைவரால மாட்டேன்னு சொல்ல முடியாது."

கதவு திறந்தது. "வாடா, கம்பங்கதிர் திருடா! கதவை உடைச்சா உங்கப்பனா வந்து மாட்டுவான்?" என்றார் தலைவர்.

"உன் மூஞ்சிக்குக் கதவு ஒரு கேடா?" என்றபடி உள்ளே போனார் பூராமா.

சண்டையெல்லாம் இல்லை. த்ராவோரே குலமும் டியாரா குலமும் பரம்பரையாகக் கேலி முறை, அவ்வளவுதான். மாமன் மச்சான் கேலியெல்லாம் இதன் முன்னால் தூசு! பார்த்த இடத்தில் அடிமை, காராமணி தின்னி என்று திட்ட வேண்டும். திட்டு வாங்கியவன் சிரிக்க வேண்டும். அதோடு, ஒருவன் வாய்விட்டு ஒன்று கேட்டுவிட்டால் மற்றவன் இல்லை என்று சொல்லவே கூடாது.

கிளப் பிறந்ததே இந்தக் கேலியில்தான். இவர்களுடைய அப்பாக்கள் ரயில் பட்டறையில் ஃபிட்டர்கள். "காராமணி திங்கிற கூட்டத்துக்குப் பந்து உதைக்கத் தெரியுமா?" என்று ஒருவர் சீண்ட, அடுத்த ஞாயிற்றுக்கிழமையே தண்டவாளத்தை ஒட்டிய பொட்டலில் த்ராவோரேக்கள் ஒரு பக்கம், டியாராக்கள் ஒரு பக்கம். அன்று ஜெயித்தது யார் என்று இன்றுவரை தகராறு.

பிள்ளைகள் மட்டும் சளைத்தவர்களா என்ன? இவர்கள் ஆடிய காலத்தில், கோப்பை இறுதியாட்டத்தில் தியமோகோ கடைசி நிமிடத்தில் கோல் போட்டார். அதே அணியின் கோல்கீப்பர் பூராமா மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து ஓடிவந்து கட்டிப்பிடித்து, "எங்க வீட்டு ஆடுகூட அதைப் போடும்டா" என்றார்.

தியமோகோவின் அப்பா செத்த வீட்டிலும் அதே கூத்து. செத்தவரின் தொப்பியை மாட்டிக்கொண்டு, அவரைப் போலவே நொண்டி நடந்து, "எங்கடி என் காராமணி?" என்று பூராமா கேட்டார். அழுதுகொண்டிருந்த பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தியமோகோவும்தான். சின்ன வயதிலிருந்து ஒருவரிடம் ஒருவர் மரியாதையாக ஒரு வார்த்தை பேசியதில்லை.

பூராமா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "என்னடா, மூஞ்சி வேகாத காராமணி மாதிரி இருக்கு?"

தலைவர் பதிலுக்குத் திட்டவில்லை. சாமாவைக் கூப்பிட்டு, கோச்சுக்கு டீ கொடுக்கச் சொன்னார்.

"ரயிலு நின்னதிலிருந்து பசங்க வெளியூர் ஆட்டத்துக்கு மணல் லாரி மேல உக்காந்து போறாங்க" என்றார், மேசையைப் பார்த்தபடி. "போன மாசம் ஒருத்தன் விழுந்து காலை உடைச்சுக்கிட்டான். அவன் ஆத்தா மூஞ்சிய என்னால பாக்க முடியலடா."

"எனக்குத் தெரியாதா? நானும் அந்த லாரியிலதானே போறேன்?"

"அந்த முதலாளி பஸ் வாங்கித் தரேங்கிறார். டாக்டர் வைக்கிறேங்கிறார்."

"பேரை அழிச்சிட்டு பஸ்ஸுல ஏத்துவாராமா? பசங்களைக் கேட்டியா? லாரியிலயே போறோம், சட்டையை மட்டும் புடுங்காதீங்கன்னு அழறானுங்க." பூராமாவின் குரல் இறங்கியது. "கேலி போதும் தியமோகோ. இப்ப உங்கிட்ட ஒண்ணு கேக்கப் போறேன்."

"வேணாம். கேக்காதே."

"கேப்பேன். கேட்டா நீ மாட்டேன்னு சொல்ல முடியாது. நம்ம அப்பனுங்க பெத்த கிளப்புடா. அதைக் குடுக்காதே."

ஜன்னலுக்கு வெளியே ஆட்டக்காரர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தலைவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நீ வந்து கேப்பேன்னு தெரியும். கேட்டுட்டா என்னால இல்லைன்னு சொல்ல முடியாதுன்னும் தெரியும். அதனாலதான்..."

"அதனால?"

"விடியற்காலைத் தொழுகை முடிஞ்ச கையோட அவர் வீட்டுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுட்டு வந்துட்டேன்."

கிளப் போனதைக்கூடப் பூராமா தாங்கியிருப்பார். தான் கேட்கும் முன்பே ஓடிப்போய் முடித்துவிட்டு வந்திருக்கிறானே! அதைத்தான் தாங்க முடியவில்லை.

"திட்டுடா" என்றார் தலைவர். "அடிமைன்னு சொல்லு, காராமணி தின்னின்னு சொல்லு. எங்கப்பனையும் சேத்துத் திட்டு. இப்படிப் பாக்காதே பூராமா, ஏதாவது திட்டிட்டுப் போடா!"

சாமா கொடுத்த டீயைக் குடிக்காமலே மேசையில் வைத்துவிட்டு பூராமா எழுந்தார். பச்சைத் தொப்பியைக் கழற்றி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். தலையைக் கொஞ்சம் தாழ்த்தினார்.

"நான் போறேங்க, ஐயா."